வலது ஓரம் அரை மில்லிமீட்டர்

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் முடிந்ததும் முடியாததுமாகத் தரகர் வந்துவிட்டார். போன வருடம் அவர் கொண்டுவந்த ஜாதகங்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பினேன். மகளுக்கு வயது ஏறுகிறதே தவிர என் மனது இறங்க மாட்டேன் என்கிறது என்று அவள் அம்மா சுலோச்சனா குத்திக் காட்டுகிறாள். என்ன செய்வது? ஒரு பையனின் சட்டைக் கோடும் அதன் பையில் இருந்த கோடும் பொருந்தவில்லை. இன்னொருவனின் அப்பா என் தபால்தலை ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் கூரியர் வந்துருச்சுங்களே" என்றார். நெசவு மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு அங்குலத்தில் ஓர் இழை குறைந்தாலும் பீஸைத் தள்ளிவிடுவேன். இந்த நாச்சிமுத்து கைபட்டுப் போனது என்றால் திருப்பூரில் பிரித்துப் பார்க்காமல் வாங்குவார்கள்.

இந்தத் தடவை பையன் நவநீதன், இன்ஜினியர். அப்பா மயில்சாமி, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் கயிற்று மில்லும். எழுந்து போகும்போது தரகர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பறமுங்க, பையனோட அப்பா ஸ்டாம்பு சேர்க்கறவருங்களாம்" என்றார். உள்ளே கூப்பிட்டு மறுபடியும் உட்கார வைத்தேன்.

தாரணியிடம் சொன்னேன். "அப்படியாப்பா! ஆச்சரியமா இருக்குதே" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜனவரி 19, ஞாயிறு

பெண் பார்க்க வந்து போனார்கள். விவரமாக எழுத வேண்டிய நாள்.

மயில்சாமி பெரிய மீசை, பெரிய குரல். ஆல்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். திறந்தார். ஆல்பத்தில் கோந்து போட்டு ஒட்டக் கூடாது என்பது எங்கள் தபால்தலைச் சங்கத்தின் முதல் பாடம். தபால்தலைகள் அத்தனையும் கோந்து போட்டு ஒட்டப்பட்டிருந்தன. சிவப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் ஒரு பக்கம்.

"கலர் கலராப் பிரிச்சு வெச்சா பாக்கறதுக்கு லட்சணமா இருக்குமுங்க" என்றார். சில பக்கங்களில் கோந்து இன்னும் காயவில்லை. இந்த வயதிலும் தினமும் சேர்க்கிறார் போலிருக்கிறது. ஆர்வத்தைப் பாராட்டினேன்.

புக்லெட், காயில் எல்லாம் சேர்க்கிறாரா என்று கேட்டேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் என் மகளைப் பார்த்தான். பாவம், சபைக் கூச்சம். நானே விளக்கினேன். சாதாரணத் தபால்தலை பெரிய தாளில் அச்சாகிறது. நான்கு பக்கமும் கிழித்து எடுப்பதால் நான்கு பக்கமும் பல் இருக்கும். சின்னப் புத்தகமாகத் தைத்து விற்பது புக்லெட். புத்தகத்தின் ஓரத்தை இயந்திரம் வெட்டிவிடுவதால் ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும், மூலையில் இருந்தது என்றால் அடுத்தடுத்த இரண்டு பக்கம். காயில் என்பது சுருள். அதில் எதிரெதிர் பக்கம் இரண்டும் வழவழப்பு, மற்ற இரண்டில் மட்டும் பல்.

"எங்க மில்லுல கயித்தச் சுருட்டி வெக்கற மாதிரிங்களா?" என்றார் மயில்சாமி. கற்பூர புத்தி.

பழைய அமெரிக்கக் காயில், வாஷிங்டன் தலை போட்ட சிவப்பு இரண்டு சென்ட், என் வாழ்நாளில் நல்ல பிரதி ஒன்றைக்கூடத் தொட்டதில்லை என்று பெருமூச்சு விட்டேன். அப்போதுதான் நவநீதன் வாயைத் திறந்தான். "எங்க அப்பாரோட டிரங்குப் பெட்டியில அந்த மாதிரி ஒண்ணு இருக்குதுங்க மாமா." தாத்தாவைச் சொல்கிறான்.

"நம்ம வீட்லயா?" என்றார் மயில்சாமி. தன் வீட்டுப் பொக்கிஷத்தைப் பற்றி இவ்வளவு அடக்கமாக இருக்கும் மனிதரை நான் பார்த்ததில்லை.

அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்று சொன்னேன். கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லதுதானே.

இன்னொன்று. நவநீதனுக்குத் தாரணி சர்க்கரை போடாத காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் அப்படித்தான் குடிப்பானாம். யாரும் அவளிடம் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறாள். இந்தக் கவனிப்பு என்னிடமிருந்து போனது.

ஜனவரி 20, திங்கள்

வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது. காயில் ஞாபகமாகவே இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

இரட்டைப்பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். வாஷிங்டன் சிவப்பில் என்னிடம் புக்லெட் பிரதிகள் சில உண்டு, இடது பக்கம் மட்டும் வழவழப்பு. அதில் ஒன்றைக் காணோம். மேல்வரிசையில் இடமிருந்து மூன்றாவது பல் கட்டையாக இருக்குமே, அது.

சுலோச்சனா தூசி தட்டும்போது பறந்திருக்கும் என்றேன். "உங்க பீரோ சாவி உங்க அரணாக்கயித்துல தொங்குது, நான் எங்கிருந்து தூசி தட்டறது?" என்றாள். நியாயமான கேள்விதான். அப்படியானால் கரப்பான். தபால்தலைப் பசையென்றால் கரப்பானுக்கு உயிர். மருந்து அடித்தேன். சாவியை இரண்டு நாளைக்கு முன்னால் தாரணி வாங்கினாள், அவளுடைய சான்றிதழ் ஏதோ எடுக்க வேண்டுமென்று. கரப்பான் நுழைந்தது அப்போதாகத்தான் இருக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

தாரணி சிங்காநல்லூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். ஒரு குலை இளநீர் கொண்டுவந்தாள். சிங்காநல்லூரில் இவ்வளவு நல்ல இளநீர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பொள்ளாச்சி இளநீர் தோற்றது.

ஜனவரி 29, புதன்

நவநீதன் போன் செய்தான். தாத்தாவின் பெட்டி அடியில் இருந்து கிடைத்துவிட்டதாம், பழைய கோட்டுப் பையில் பத்திரமாக இருந்ததாம். குரலில் நடுக்கம். எனக்கும்தான். தாரணி பக்கத்திலேயே நின்றிருந்தாள். யார் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பொள்ளாச்சி போய் வந்தோம். வீடு விசாலம். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது, இரண்டு இடத்தில் சொல்லலாம், சொல்லவில்லை.

சாப்பிட்டதும் மயில்சாமி பூஜை அறைக்குப் போய் வெள்ளித் தட்டில் வைத்து அதைக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்த நாளிலிருந்து அது சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதாம். பங்காளிகள் ஒரு இருபது பேர் சுற்றி நின்றார்கள். இடதும் வலதும் வழவழப்பு. மேலும் கீழும் பல். சிவப்பு வாஷிங்டன். இடுக்கியை இரண்டு முறை கீழே போட்டேன்.

"எங்கய்யன் சிலோன்ல எஸ்டேட்ல இருந்தவருங்க" என்றார் மயில்சாமி. கண் கலங்கிவிட்டது. "பத்து வருசம் அவரு கூடப் பேச்சு வார்த்தை இல்லாம இருந்தனுங்க. தோப்புத் தகராறு. அவரு சாகறப்பக்கூட நான் பக்கத்துல இல்ல. இப்படி ஒரு பொருளை எனக்குன்னு வெச்சுட்டுப் போயிருக்காரு பாருங்க. இந்தத் தம்பி சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

தம்பி என்றது நவநீதனை. அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தாம் தேதி நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. பிறகு அவரே சொன்னார்: "எடுத்துட்டுப் போயி நல்லாப் பாருங்க. பத்தாம் தேதி வெத்தலை பாக்கு மாத்தறப்ப நாலு பேரு முன்னால உங்க வாயால சொல்லோணும், இது அசலுன்னு. போன வருசம் ஒருத்தர் பொண்ணு குடுக்கறேன்னு வந்தாருங்க. எங்கய்யன் நட்ட மரத்தப் பாத்து காய்ப்புப் பத்தாதுன்னாரு. அன்னிக்கே அந்தப் பேச்ச விட்டுட்டேன். எங்கய்யன் பேர்ல ஒரு சொல்லு வந்தா எனக்குத் தாங்காதுங்க."

இவ்வளவு மானஸ்தர்களோடு சம்பந்தம் வைப்பது பெருமை என்று காரில் சொன்னேன். தாரணிக்குத் தலைவலி.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் முதல் வேலையாகப் பல் அளக்கும் அட்டையில் வைத்தேன். இரண்டு சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு. சரி. நிறம் சரி. தாள் சரி. அகலம் அளந்தேன். அரை மில்லிமீட்டர் குறைகிறது.

அளவுகோலை மாற்றினேன். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் அளந்தேன்.

இதன் அர்த்தம் புதிதாகச் சேர்ப்பவர்களுக்குப் புரியாது. பல்லை எடுக்க வேண்டும் என்றால் குழிக்கும் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும், அப்போது அகலம் குறைந்துபோகும். அசல் காயில் குறையாது. புக்லெட் தபால்தலையில் ஒரு பக்கம் ஏற்கெனவே வழவழப்பாக இருப்பதால் மறுபக்கத்தை மட்டும் வெட்டினால் போதும், காயில் மாதிரியே ஆகிவிடும். உலகம் முழுக்க மோசடிக்காரர்கள் செய்யும் வேலை. இதைப் பற்றி நான் சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். சுலோச்சனா கேட்டதில்லை என்பது நிச்சயம்.

நான் கேட்காமலே தாரணி மூன்று தடவை டீ கொண்டுவந்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

லென்ஸில் பார்த்தேன். இடது ஓரம் நேர்கோடு, இயந்திரம் வெட்டியது. வலது ஓரம் கீழே வரும்போது ஒரு மயிரிழை சரிகிறது, வளைந்த சின்னக் கத்தரி.

மேல்வரிசையில் இடமிருந்து மூன்றாவது பல் கட்டை.

கரப்பான்கள் கத்தரி பிடிப்பதில்லை. இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 5, புதன்

எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

முதலில் கோபம் வந்தது. என் பீரோவில், என் சாவியில், நான் கற்றுக்கொடுத்த வித்தையை வைத்து! எழுந்து அவள் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, அவள் ஆபீஸ் போய்விட்டாள். கட்டிலில் ஒரு புத்தகம், தபால்தலை சேர்ப்பவர்களுக்கான கையேடு, நூலக முத்திரை போட்டது. பக்க ஓரங்களில் பென்சில் கோடு. மயில்சாமிக்குப் பாடம் எடுக்கப் படித்திருக்கிறாள். அந்த மீசைக்காரரை ஒரு மாதத்தில் தபால்தலைக்காரர் ஆக்கியிருக்கிறார்கள் அவளும் நவநீதனும். கோந்து காயாததன் ரகசியமும் விளங்கியது.

"அப்பா, எனக்கு இந்தப் பையனைப் புடிச்சிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் சட்டையைப் பார்த்திருப்பேன். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

சுலோச்சனாவிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். ஒரு பொருள் போலி என்று தெரிந்தும் அசல் என்று சொல்லலாமா?

"எந்தப் பொருள்?" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"பொதுவாக் கேக்கறேன்."

"நீங்க பொதுவா ஒண்ணும் கேக்க மாட்டீங்க. அந்தப் பொண்ணு ஒரு வாரமாச் சோறு எறங்காமத் திரியுது. உங்க லென்ஸ கொஞ்சம் மூடி வைங்க, அது போதும்."

சம்பந்தமில்லாமல் பேசுகிறாள். இருந்தாலும் இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

பிப்ரவரி 7, வெள்ளி

மாற்று வழிகள் யோசித்தேன். தொலைந்துபோயிற்று என்று சொல்லலாம். மயில்சாமி தன் அப்பா செத்ததற்கு அழாத அழுகையை இப்போது அழுவார். மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லலாம், ஆனால் மழையே இல்லை. 'அபூர்வமான ரகம், மேலும் ஆராய வேண்டும்' என்று இழுக்கலாம். அதுவும் முடியாது. சங்கத் தலைவர் ரங்கபாஷ்யத்தை நிச்சயதார்த்தத்துக்கு நானே அழைத்திருக்கிறேன், காயில் கிடைத்த பெருமையில், பொள்ளாச்சியிலிருந்து வந்த ராத்திரியே. அவருக்கு என்னைவிடக் கூர்மையான கண். இருபது வருடமாக நான் சறுக்குவதற்காகக் காத்திருக்கிற கண். அடுத்த மாதம் மாவட்டக் கண்காட்சிக்கு நான்தான் நடுவர். அந்த நாற்காலியை அவர் பார்க்கிற பார்வையை நான் கவனித்திருக்கிறேன்.

நான் தரம் சொன்ன ஒரு பொருள்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை. தபால்தலையானாலும் துணியானாலும். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பையனோ நல்ல பையன். இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டில் வந்து நிற்கின்றன.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாழைமரம், பந்தல், சமையல்காரர் முன்பணம். தாரணி மருதாணி வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "அப்பா, அந்த ஸ்டாம்பு பாத்துட்டீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"பாத்துட்டு இருக்கறேன்" என்றேன்.

மருதாணிக் கையை ஊதிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் பீரோவைப் பூட்டினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

தட்டு மாற்றுவதற்கு முன்னால் மயில்சாமி எழுந்து நின்றார். பட்டு வேட்டி, சந்தனம்.

"எல்லாரும் கேளுங்க. நம்ம சம்பந்தி கோயமுத்தூர்லயே பெரிய ஸ்டாம்பு நிபுணருங்க. எங்கய்யன் வெச்சுட்டுப் போன பொருளை ஒரு வாரம் வெச்சு ஆராஞ்சிருக்காரு. சொல்லுங்க சம்பந்தி."

நான் எழுந்தேன். முதல் வரிசையில் ரங்கபாஷ்யம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தபால்தலையை எடுத்து ஏற்கெனவே ஒரு பார்வை பார்த்துவிட்டார், நான் கவனித்தேன். அவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. 'வலது ஓரம் அரை மில்லிமீட்டர் குறைகிறது' என்ற வாக்கியம் என் தொண்டையில் வந்து நின்றது. என் வாழ்நாளில் இதைவிடச் சுத்தமான ஒரு கண்டுபிடிப்பை நான் செய்ததில்லை. சொல்ல வேண்டும் என்று உடம்பே துடித்தது.

தாரணியைப் பார்த்தேன். நான் மில்லில் பீஸைத் திருப்பிப் பார்க்கும்போது தறிக்காரர்கள் எதிரே நிற்பார்கள், மூச்சு விடாமல். அப்படி உட்கார்ந்திருந்தாள். என் மகள் என் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தாள்.

"அசல் காயிலுங்க" என்றேன். "சந்தேகமே இல்லை. இந்த மாதிரி ஒரு பிரதியை நான் பார்த்ததே கிடையாது."

கடைசி வாக்கியம் உண்மைதான்.

மயில்சாமி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், அந்தப் பெரிய மீசை முழுக்க நனைந்து. தட்டு மாற்றினோம். பாயசத்தில் ஏலக்காய் அதிகம். ரங்கபாஷ்யம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரங்கபாஷ்யம் போன் செய்தார். "என்ன சார், கண் டாக்டர்கிட்டப் போய் ரொம்ப நாளாச்சோ?"

"ஆமாங்க, கொஞ்சம் புரை விழுந்திருக்கும் போல" என்றேன்.

"அதான் பார்த்தேன். சிரமப்படாதீங்கோ. கண்காட்சியை நான் பார்த்துக்கறேன்."

பெருந்தன்மையான மனிதர். போனை வைத்துவிட்டு நடுவருக்கு வந்திருந்த காகிதங்களை அவருக்கு அனுப்பும் உறையில் போட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

சாயங்காலம் நடந்துவிட்டு வந்தேன். சமையலறையில் சிரிப்புச் சத்தம். தாரணி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம்மா! ஒரு வாரம் லென்ஸ் வெச்சுப் பாத்தாரு. நான் நகம் வெட்டற கத்தரியில வெட்டுனது. எனக்கு உசுரே போயிருச்சு. கடைசியில கண்டே புடிக்கல. இத்தன வருசம் அந்தப் பேச்சுப் பேசினாரே, ஒண்ணுமே தெரியாதாம்மா இவருக்கு? பாவம்." மறுபடியும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கு உறிஞ்சி, சின்னப் பிள்ளை மாதிரி.

சுலோச்சனா சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற என்னை அவள் பார்த்துவிட்டாள்.

ஒரு நொடிதான் ஆகும். கட்டைப் பல், சரிந்த கத்தரி, இரண்டும் போதும், அந்தச் சிரிப்பு நின்றுவிடும். நான் நிபுணன் என்பது மறுபடியும் நிலைநாட்டப்படும். உள்ளே போனேன்.

"ஒரு காப்பி குடு" என்றேன்.

தாரணி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். விஷமம் அவளுக்கு அடங்கவில்லை. "ஏம்ப்பா, அது அசல் காயில்னு எப்படிப்பா கண்டுபுடிச்சீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஓரத்தின் நேர்த்தி, வெட்டின் ஒழுங்கு, அகலத்தின் துல்லியம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அந்தத் தபால்தலையில் இல்லாத குணங்களையெல்லாம் இருப்பதாக விளக்கினேன். காப்பி ஆறும்வரை விளக்கினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். தபால்தலை பற்றி நான் பேசுவதை என் மகள் எழுந்து போகாமல் முழுதும் கேட்டது இன்றுதான்.